பத்திரமாக வைத்ததே பகையானால்



இந்த இதழில் சமையல் குறிப்பும் இல்லை, தையல் குறிப்பும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஃபைலைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "ஃபைலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டு இரும்பு அலமாரியிலும், பட்டுச் சேலைக்கு அடியில், அப்படி ஒன்று இருக்கும். பிள்ளைகளின் சூராட் பெரானா, கல்யாணப் பத்திரம், தாத்தாவின் பழைய படம், சேமநிதிக் கடிதம் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். படித்து முடித்ததும் அதை ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

விஷயம் ஒரு சிறுவனிடமிருந்து தொடங்கியது. என் தங்கையின் பேரன், பதினோரு வயது. பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறான். (2007இல் பெயரை மாற்றினார்கள். எனக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜூந்தைதான். வாய் திரும்ப மறுக்கிறது.) போக்கிமோன் கார்டு, காற்பந்து ஆட்டக்காரர் கார்டு என்று சேர்த்து வைத்திருக்கிறான். பள்ளிக்குக் கொடுக்கும் காசில் மிச்சம் பிடித்து வாங்கியவை. நண்பர்களிடம் மாற்றிக்கொண்டவை. பெரியவர்கள் நமக்கு அது வெறும் அட்டை. அவனுக்கு அதுதான் நகைப்பெட்டி.

சென்ற பள்ளி விடுமுறையில் அழாத குறையாக என்னிடம் வந்தான். பாசார் மாலாமில் வாங்கிய ஃபைல் ஒன்றில், ஒன்பது அறைகள் கொண்ட பிளாஸ்டிக் தாள்களில், கார்டுகளை வரிசையாகச் செருகி வைத்திருந்தானாம். ஒரு வருஷம் தகரக் கூரைக்கு நேர் கீழே, அலமாரி உச்சியில் கிடந்திருக்கிறது. இப்போது கார்டுகள் உறையோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. இழுத்ததில் ஓர் ஆட்டக்காரரின் முகம் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.

"பாட்டி, நான் பத்திரமாகத்தானே வைத்தேன்?" என்றான்.

ஃபைலை வாங்கித் திறந்தேன். ஒரு வாடை வந்தது. புது மழைச்சட்டையைப் பிரித்தால் வருமே, தரையில் விரிக்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் விரிப்பைக் கடையில் சுருள் பிரித்தால் வருமே, அந்த வாடை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அந்த வாடை எனக்குப் பழக்கமானது.

அப்பா 1985இல் தவறினார். குவாலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கித்தாப் பால் வெட்டியவர். அவர் தகரப் பெட்டியில் மூன்று பொருள்களை வைத்திருந்தார். 1948இல் அவசரகாலம் பிறந்தபோது கொடுத்த காகித அடையாளக் கார்டு ஒன்று. அவரும் அம்மாவும் லயத்து வாசலில் நின்று எடுத்த படம் ஒன்று. மூன்றாவது, தோட்டத்துக் கிராணி டைப் அடித்துக் கொடுத்த கடிதம். அம்மா சிறு வயது முதல் அந்தத் தோட்டத்தில்தான் வளர்ந்தார், எந்த ஆண்டு பெயர்ப் பதிந்தார், என்ன வேலை என்பதெல்லாம் அதில் இருந்தது. அம்மாவிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. பிறந்த பத்திரம் கிடையாது. ஆக, அந்த ஒற்றைத் தாள்தான் அவருக்கு ஊர், பேர், வயது எல்லாம்.

தகரப் பெட்டி துருப்பிடிக்கிறதே என்று 1986இல் நானே ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கினேன். பளபளவென்று, கண்ணாடி போல இருந்தது. மூன்றையும் அதில் செருகிப் பூட்டி வைத்தேன். பாசத்தோடு செய்த காரியம் அது.

2009இல் அம்மாவின் குடியுரிமை மனுவுக்காக அதைத் திறந்தேன். தாள் வெள்ளையாக இருந்தது. எழுத்தெல்லாம் தாளை விட்டுப் பிளாஸ்டிக்குக்குக் குடிபெயர்ந்திருந்தது! ஃபைலை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன் பிடித்தால் கொஞ்சம் படிக்க முடிந்தது. அம்மாவின் பெயர், ஆண்டின் இரண்டு எண்கள், அவ்வளவுதான். கிராணி காலமாகி வெகுநாள். தோட்ட ஆபீஸ் இருந்த இடத்தில் செம்பனை நின்றது. வெற்றுத் தாளையும் ஒரு பிளாஸ்டிக்கையும் நீட்டினால் யார்தான் ஏற்பார்கள்? யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கடைசியில் அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்த தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி அகப்பட்டது. காரியம் முடிய மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. இடையில் 2011இல், நம்மவர்களின் ஆவணச் சிக்கலைத் தீர்க்க 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தை அரசாங்கம் நடத்தியது. அப்போது வரிசையில் நின்றவர்கள் கையைக் கவனித்தேன். முக்கால்வாசிப் பேரிடம் அதே பளபளப்பு ஃபைல்.

சரி, இந்தப் பளபளப்புக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

அதன் பெயர் பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பிவிசிதான், விறைப்பாக இருக்கும். அதையே துணிபோல் வளையச் செய்ய வேண்டுமானால் ஒருவகை எண்ணெயைச் சேர்த்து இளக்குகிறார்கள். மெல்லிய ஃபைல் தாளில் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இந்த எண்ணெய் இருக்கலாம். அது பிளாஸ்டிக்கோடு கலந்து நிற்கிறதே தவிர, பிணைந்து நிற்பதில்லை. நாளாக ஆக மெல்ல மேலே கசிகிறது. கை வைத்தால் பிசுபிசுக்கிறது. டைப் மை, நகல் இயந்திரத்தின் கருப்புத் தூள், கார்டின் மேல் பூசிய பளபளப்பு, இவை எல்லாவற்றையும் அந்த எண்ணெய் இளக்கிவிடும். பிறகு எழுத்துக்குத் தாளில் இருக்கப் பிடிக்காது. போதாததற்கு, பிவிசி முதுமை அடையும்போது அமில ஆவியையும் விடும். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பழைய செப்புக் காசைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துப் பச்சைப் பிசுக்கு படிந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் காரணம் இதுவே.

குளிர்நாட்டில் மெதுவாக நடக்கும் இந்த வேலை நம் ஊரில் விரைவாக நடக்கும். வருஷம் முழுதும் புழுக்கம். பகலில் தகரக் கூரையின் கீழ் அடுப்பங்கரைச் சூடு. ஆற்றோரமும் சதுப்பும் நிறைந்த குவாலா சிலாங்கூர்க் காற்றில் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலை நாட்டுக் கார்டு சேகரிப்பாளர்களும் 1970, 80களில் பிவிசித் தாள்களில் போட்டுவைத்து, பின்னால் தலையில் கை வைத்தவர்கள்தான். நம் மூடத்தனம் மட்டுமல்ல என்பது ஒரு சிறு ஆறுதல்.

உங்கள் ஃபைல் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மூக்கு. மழைச்சட்டை வாடை அடித்தால் நம்ப வேண்டாம். அடுத்தது தண்ணீர். தாளின் ஓரத்தில் விரல் நகம் அளவு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, அந்தத் துண்டை அடிவரை அழுத்தி விடுங்கள். மேலே மிதந்து வந்தால் அது பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலித்தீன்; நல்லது. அடியிலேயே தங்கினால் பிவிசியாக இருக்கலாம், பாலியெஸ்டராகவும் இருக்கலாம். அதைக் கையால் பிரித்தறியலாம். பாலியெஸ்டர் விறைப்பாக, கசக்கினால் படபடவென்று சத்தம் போடும்; வாடை இருக்காது; அதுவும் நல்லதே. பிவிசி தொளதொளவென்று இழுபடும். சாமானில் முக்கோணத்துக்குள் எண் அச்சிட்டிருந்தால் 3 என்பது பிவிசி, 5 என்பது பாலிப்ரோப்பிலீன். செப்புக் கம்பியைச் சூடாக்கித் தொட்டு, பச்சைச் சுடர் வருகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. அதில் வரும் புகை நஞ்சு. வீட்டில் வேண்டவே வேண்டாம்.

இனி கார்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு கார்டுக்கும் முதலில் மெல்லிய பாலிப்ரோப்பிலீன் உறை போடுங்கள். கடையில் நூறு நூறாகக் கட்டி விற்கிறார்கள், விலை அதிகமில்லை. அதன் பிறகுதான் விறைப்பான கெட்டி உறை. அந்தக் கெட்டி உறைகள் பெரும்பாலும் பிவிசிதான். எண்ணெய் அதிகம் சேராத விறைப்பு வகை என்பதால் ஆபத்து குறைவு. ஆனாலும் கார்டின் முகம் அதில் நேரடியாகப் படக்கூடாது. ஃபைலை நிற்க வைத்து அடுக்க வேண்டும். படுக்க வைத்து மேலே பாடப் புத்தகத்தை ஏற்றினால் வளையத்தின் தடம் கார்டில் விழும். மின்னும் தகடு ஒட்டிய கார்டுகள் வில்லாக வளைகின்றன என்று புலம்புவார்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது, தகடு ஊதுவதில்லை. அதனால் வந்த வளைவு அது. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துவிடாதீர்கள், ஒரு நிமிஷத்தில் சேகரிப்பே முடிந்துபோகும்.

சூடு என்றதும் லேமினேட் ஞாபகத்துக்கு வருகிறது. பட்டணத்துக் கடையில் சில வெள்ளிக்குச் செய்து தருகிறார்கள். சூராட் பெரானாவை அப்படி ஒட்டிக்கொண்டு வந்து "இனி நூறு வருஷம் தாங்கும்" என்று காட்டுகிற தாய்மார்கள் உண்டு. சூட்டில் உருகிய பசை தாளோடு ஒன்றாகிவிடுகிறது. பிறகு பிரிக்க வழி இல்லை. மூலப் பத்திரங்களை ஒருபோதும் லேமினேட் செய்யாதீர்கள். நகலைச் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படத்தை லேமினேட் செய்யக் கொடுத்த பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். அது சூட்டுக்கு நிறம் மாறும் தாள். கருப்பு அட்டையாகத் திரும்பி வந்தது. அந்தப் பெண் அழுத அழுகை! வங்கி இயந்திரம் தரும் சீட்டும் கடை ரசீதும் அதே வகைத் தாள்தான். சூட்டில் கருக்கும், பிவிசி உறையில் வைத்தால் அந்த எண்ணெய் பட்டு எழுத்து வெளுத்தே போய்விடும். அப்படிப்பட்டவற்றை உடனே படம் எடுத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. அச்சடிக்க வாங்கும் வெள்ளைத் தாளை மடித்து உறை செய்து, ஒவ்வொரு பத்திரத்தையும் தனித்தனியாக வையுங்கள். செய்தித்தாளும் பழுப்பு உறையும் வேண்டாம். அவற்றின் அமிலம் பத்திரத்தைப் பழுப்பாக்கும். எல்லாவற்றையும் மூடி இறுகும் பாலிப்ரோப்பிலீன் டப்பாவில் வைக்கலாம். துருவில்லாத பிஸ்கோத்து டின்னும் தோதுதான், எலி கடிக்காது. மருந்துப் போத்தலிலும் சப்பாத்துப் பெட்டியிலும் வரும் சிலிக்கா பொட்டலம் புதிதாக இருந்தால் ஈரத்தை இழுக்கும், பழையதால் பயனில்லை. அரிசியைப் போட வேண்டாம், வண்டு வரும்.

கட்டி வைக்க ரப்பர் வளையம் மட்டும் வேண்டாம். சொல்லச் சிரிப்பாக இருக்கிறது. நம் அப்பன் பாட்டன் வெட்டிய பாலில் வந்த பொருள்தான். ஆனால் அதைப் பக்குவப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். அது பழைய கருப்பு வெள்ளைப் படங்களின் வெள்ளியைக் கறுக்கவைக்கும். வளையமும் இளகித் தாளில் ஒட்டும். பருத்தி நாடா போதும். நாப்தலின் உருண்டையும் கூடாது. அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ஜி6பிடி குறைபாடுள்ள கைக்குழந்தைக்கு அதை மோப்பதே ஆபத்து. வேப்பிலை போடும் வழக்கம் உண்டு. பச்சையாகப் போட்டால் ஈரத்தைக் கொண்டுவந்து கறை படிய வைக்கும்.

"கிழிந்த தாளுக்கு இத்தனை பாடா?" என்று கேட்கும் அண்ணன்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் வீசுவதையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் காலமானதும் சிக்காகோ பல்கலைக்கழகம் முன்வந்து அந்தச் சேகரிப்பைக் காத்தது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது. நம்மைப் பற்றி எழுத வருகிறவர்களுக்கு ஏதாவது கிடைக்க வேண்டாமா? 1917இல் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் எழுந்த தென்னமரம் எஸ்டேட் இந்தப் பக்கம்தான். அதைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. குழி வெட்டியவர் பெயரைத் தேடினால், ஏதோ ஒரு வீட்டுப் பிஸ்கோத்து டின்னில்தான் தேட வேண்டும்.

இனி, ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதற்கு என்ன செய்வது? இழுக்காதீர்கள். முதலில் இருக்கிற நிலையிலேயே, பிளாஸ்டிக்கோடு சேர்த்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். எழுத்து பிளாஸ்டிக்குக்குப் போயிருந்தால் அந்தப் பிளாஸ்டிக்கையும் எறியாதீர்கள். உறையின் மூன்று ஓரங்களையும் கத்தரியால் வெட்டிப் புத்தகம் போல் விரியுங்கள். விரியாத இடத்தை விட்டுவிடுங்கள். 1970, 80களின் கல்யாண ஆல்பங்களில் பசைக்கோடு போட்ட அட்டையில் படத்தை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும் அல்லவா? அதில் சிக்கிய படத்தை எடுக்க, பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே நுழைத்து, ரம்பம் அறுப்பது போல மெல்ல நகர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் வற்புறுத்தக் கூடாது.

பிறப்புப் பத்திரம் கெட்டுப்போயிருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் பிறப்புப் பதிவின் சாற்றுக்கு மனுச் செய்யலாம். இருக்கும் தாள் படிக்கும்படியாக இருக்கும்போதே போனால் பதிவு எண் கையில் இருக்கும், தேட எளிது. எல்லாப் பத்திரங்களையும் படம் எடுத்து, குடும்பத்தில் நம்பிக்கையான இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், கெட்ட காலம்.

வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் சிலாங்கூர் மூழ்கியபோது எத்தனை வீட்டில் பத்திரங்கள் சேற்றில் கிடந்தன! நனைந்த தாளை வெயிலில் போடாதீர்கள், தேய்க்காதீர்கள். நிழலில், காற்றாடிக்குக் கீழே, ஒவ்வொன்றாக வெள்ளைத் துணிமேல் பரப்புங்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அதற்குள் எல்லாவற்றையும் உலர்த்த முடியாதென்றால் பாலித்தீன் பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபனித் தட்டில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம்.

தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போது அந்த டின்னையும் ஒரு முறை திறந்து பாருங்கள். சரசுவதி பூசைக்கு ஏடுகளை வெளியே எடுத்துத் தூசு தட்டிய வழக்கம் நமக்குப் புதிதல்ல.

பேரன் கதையை விட்டுவிட்டேனே. அன்று மாலை முழுதும் இருவரும் கத்தரியும் கிண்ணமுமாக உட்கார்ந்தோம். வீட்டில் இருந்த ஒவ்வொரு பிளாஸ்டிக்கின் ஓரத்தையும் வெட்டித் தண்ணீரில் விட்டான். தங்கையின் கைப்பை உறையைக்கூட விடவில்லை, அவள் திட்டினாள். மிதந்ததை ஒரு பக்கம், அமிழ்ந்ததை ஒரு பக்கம் வைத்தான். கார்டுகளில் பதினாறு தப்பின, ஐந்து போயின. மறுவாரம் பட்டணத்துக்குப் போய் நல்ல உறை வாங்கி வந்தான்.

என் மேசையில் அம்மாவின் பழைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று சும்மா கிடந்தது. ஓரம் மடங்கிய படம். பேரன் அதைப் பார்த்தான். தன் தங்கநிறக் கார்டுக்கென்று போட்டிருந்த உறையிலிருந்து கார்டை உருவி வெளியே வைத்தான். "இது மிதந்த உறைதான், பாட்டி" என்று சொல்லி, படத்தை அதற்குள் செருகி என்னிடம் நீட்டினான்.